ஒற்றைப் பட்டைக் குருவி: கிரீனிஷா, கிரீனா?

செப்டம்பர் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை தமிழ்நாட்டில் புளி, வேம்பு, மருது, ஆல் என எந்தப் பெரிய மரத்தடியில் நின்றாலும் மேலேயிருந்து ஒரு சின்னக் குரல் விழும்: "ட்ஸி-லி". சில நொடி கழித்து மறுபடியும் "ட்ஸி-லி". கத்துவது 10 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 8 கிராம் எடையும் உள்ள ஓர் இலைக் கதிர்க்குருவி. முதுகு மங்கிய பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, இறக்கையில் மெல்லிய ஒற்றைக் கோடு. பறவை நோக்குவோர் கிரீனிஷ் வார்ப்ளர் என்று சொல்லும் ஃபைலோஸ்கோபஸ் டிரோகிலாய்டஸ் ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் எப்போதும் அல்ல. அதே மரத்தில், அதே உருவத்தில், கிரீன் வார்ப்ளரும் இருக்கலாம். அது ஃபைலோஸ்கோபஸ் நிட்டிடஸ். காக்கசஸ் மலைகளிலும் வட துருக்கியிலும் வட ஈரானிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அது போய்ச் சேரும் இடமே நம்முடையது என்பதால், இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துப் பதியும் பொறுப்பும் பெரும்பங்கு நம்முடையதுதான்.

இரண்டையும் பிரிக்கும் வேலையைப் படிப்படியாக இங்கே பதிந்திருக்கிறோம். வரிசை முக்கியம்: முதலில் குரல், பிறகு வடிவம், கடைசியில்தான் நிறம். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். படத்தில் மஞ்சள் தெரிந்தவுடன் பெயர் வைத்துவிடுகிறார்கள், தவறு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

கொண்டுபோக வேண்டியவை

8x42 இருநோக்கி. 10x பெருக்கம் இந்த வேலைக்கு வேண்டாம். தலைக்கு மேல் ஓயாமல் தாவும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கப் பார்வைப் பரப்பு அகலமாக இருக்க வேண்டும், கையும் நடுங்கக் கூடாது. ஒலிப்பதிவுக்குக் கைபேசியே போதும், ஆனால் அதனுடன் வரும் குரல் குறிப்புச் செயலி வேண்டாம். அது மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய உயர்ந்த ஒலியை இரைச்சல் என்று நினைத்து வழித்தெறியும். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில், சத்தக் குறைப்பு இல்லாமல் பதியும் செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒலிமட்டத்தைக் கையால் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது: பறவை கத்தும்போது உச்சம் −12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி வைத்தால், திடீரென்று பக்கத்தில் ஒரு காகம் கரைந்தாலும் பதிவு சிதறாது. ஒரு குறிப்பேடு, பென்சில். கேமரா இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் இந்த வேலை நடக்கும். ஒலிப்பதிவு இல்லாமல் நடக்காது.

முதல் பத்து நிமிடம்

மரத்தடிக்குப் போனதும் இருநோக்கியைத் தூக்க வேண்டாம். ஒலிப்பதிவை இயக்கி, கைபேசியின் மைக் மரத்தை நோக்கி இருக்கும்படி பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். கைபேசியைச் சட்டைத் துணி உரசக் கூடாது. துணி உரசும் ஒலி பதிவில் பறவையைவிடப் பெரிதாக இருக்கும். பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ நாள், நேரம், இடம், மரம், எத்தனை பறவை கேட்கிறது என்று வாயால் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து கோப்பின் பெயரைப் பார்த்து "இது எந்த மரம்?" என்று விழிப்பதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

குளிர்காலத்தில் இந்தக் குருவி தனக்கென ஓர் எல்லை வகுத்து அதைக் காக்கிறது. அதனால்தான் நாள் முழுக்கக் கத்துகிறது, அதனால்தான் நமக்கு இந்த வேலை முடிகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் முண்டந்துறையில் மதுசூதன் கட்டி 1990களில் இலைக் கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்தபோது கிரீனிஷ் வார்ப்ளரும் அதில் முக்கியமான பறவையாக இருந்தது. எல்லை காக்கும் பறவை என்பதால் இன்று கேட்ட மரத்துக்கு அடுத்த வாரமும் போகலாம். அதே குரல் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை.

ஒரே ஒரு அழைப்பைக் கேட்டுப் பெயர் சொல்லக் கூடாது. கிரீனிஷ் பொதுவாக இரண்டு அசையில் கத்தும்: "ட்ஸி-லி" அல்லது "சி-வி". கிரீன் பொதுவாக மூன்று அசை: "டி-ஸு-விட்". "பொதுவாக" என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் இரண்டும் சில நேரம் ஒரு அசையை விழுங்கிவிடும். குறைந்தது பத்து அழைப்பாவது தொடர்ச்சியாகப் பதிவில் இருக்க வேண்டும். பத்தில் எட்டு மூன்றசையாக இருந்தால் அது ஒரு செய்தி. பத்தில் ஒன்று மூன்றசையாக இருந்தால் அது செய்தியே அல்ல.

பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்ப வேண்டாம். எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதறும். நாம் கேட்க வந்தது அதன் இயல்பான அழைப்பை. பதற்றத்தில் கத்துவது அந்த இயல்பான அழைப்பு அல்ல.

இதே மரத்தில் வேறு யார் யார்

பெயர் இரண்டுதான் என்று முடிவுகட்டும் முன் மற்றவர்களைக் கழிக்க வேண்டும். வெள்ளைக்கண்ணி, மாம்பழச் சிட்டு, பெண் தேன்சிட்டு, தையல்சிட்டு ஆகிய நான்கும் புதியவர்களை ஏமாற்றும். மாம்பழச் சிட்டின் இறக்கையில் பளிச்சென்று இரண்டு வெள்ளைப் பட்டை இருக்கும், அலகு தடித்திருக்கும். மற்ற மூன்றுக்கும் கண்ணின் மேல் நீளமான வெளிர் புருவக்கோடு கிடையாது. நீண்ட புருவக்கோடும் அதன் கீழே கண்ணை ஊடுருவிப் போகும் கருங்கோடும் சேர்ந்து தெரிந்தால்தான் நாம் இலைக் கதிர்க்குருவிப் பக்கம் வந்திருக்கிறோம்.

பிளித் நாணல் கதிர்க்குருவி தமிழ்நாடு முழுக்கப் புதர்களில் கிடக்கும். அது பழுப்பு, பச்சை அல்ல. இறக்கையில் பட்டை இல்லை. கல்லைக் கல்லில் தட்டியதுபோல "சக், சக்" என்று கத்தும். குரலைக் கேட்டாலே ஒதுக்கிவிடலாம்.

இலைக் கதிர்க்குருவிகளுக்குள் கழிப்பதுதான் உண்மையான வேலை. முதுமலை, வால்பாறை, கொடைக்கானல் போன்ற மலைப்பக்கம் போனால் பேரலகு இலைக் கதிர்க்குருவி கட்டாயம் குறுக்கே வரும். இதன் அறிவியல் பெயர் ஃபைலோஸ்கோபஸ் மேக்னிரோஸ்ட்ரிஸ். உடல் 12 முதல் 13 சென்டிமீட்டர். அலகு கருத்துத் தடித்து, நுனியில் லேசாகக் கொக்கி போட்டிருக்கும். கீழலகின் அடிப்பகுதி மட்டுமே வெளிர். ஆனால் இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே குரல் காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு மனிதன் மெதுவாகச் சீட்டியடிப்பதுபோல, முதல் ஒலி தாழ்ந்தும் இரண்டாம் ஒலி உயர்ந்தும் "டிர்-டீ" என்று வரும். ஒருமுறை கவனித்துக் கேட்டவர் பிறகு மறக்கவே மாட்டார்.

வெஸ்டர்ன் கிரவுன்ட் வார்ப்ளர்தான் சற்றுத் தொல்லை கொடுக்கும். ஃபைலோஸ்கோபஸ் ஆக்சிபிடாலிஸ் என்ற இது மேற்கு இமயத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும். இதன் அழைப்பும் இரண்டு அசைதான், "சிட்-வீ". இங்கே காது மட்டும் போதாது, தலை உச்சியைப் பார்க்க வேண்டும்: நடுவே வகிடு எடுத்ததுபோல ஒரு வெளிர்க்கோடு ஓடும். கிரீனிஷுக்கும் கிரீனுக்கும் அந்த வகிடு கிடையாது. கீழேயிருந்து பார்த்தால் உச்சி தெரியாது என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரே வழி, இடத்தை மாற்றுவது. சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் ஏறினாலோ, பாலத்தின் மேல் நின்றாலோ, வீட்டு மாடிக்குப் போனாலோ கிளை கண் மட்டத்துக்கு வந்துவிடும். மலைச்சாலையின் வளைவுகள் இதற்கென்றே அமைந்தவைபோல உதவும்.

வயிறு முழுக்க எலுமிச்சை மஞ்சளாய், இறக்கையில் பட்டையே இல்லாமல், நீலகிரியின் சோலை ஓரப் புதர்களில் "சிட்" என்று ஒற்றை ஒலி கொடுப்பது டிக்கெல் இலைக் கதிர்க்குருவி. பாறைகளிலும் அடிமரத்திலும் தொற்றிக்கொண்டு திரிவது கந்தக வயிற்றுக் கதிர்க்குருவி. இந்த இரண்டிலும் குழப்பம் குறைவு.

டைட்லர் இலைக் கதிர்க்குருவி மட்டும் கவனம் கேட்கும். அதற்கும் இறக்கைப் பட்டை இல்லை. பழைய இறகோடு பட்டை தேய்ந்துபோன கிரீனிஷைப் பார்த்து "டைட்லர் கிடைத்துவிட்டது" என்று குதிப்பவர்கள் உண்டு. அலகைப் பார்த்தால் போதும்: டைட்லருக்கு ஊசிபோல நீண்ட, கருத்த அலகு. கிரீனிஷுக்குக் கீழலகு முழுக்க வெளிர் ஆரஞ்சு. பட்டை தேயும், அலகு தேயாது.

கணினியில் குரலை விரித்துப் பார்ப்பது

ஆடாசிட்டி, ரேவன் லைட் இரண்டும் இலவச ஒலி மென்பொருள்கள், எதுவானாலும் சரி. அசல் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்ய வேண்டும். காற்றின் உறுமலும் சாலை இரைச்சலும் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. அதை வடிகட்டினால் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் வடிகட்டிய நகலைப் பதிவேற்றக் கூடாது, பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியை நேரம், அதிர்வெண் என்று படமாக விரிக்கும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறி, செங்குத்து அச்சை 0 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்க வேண்டும். பலர் இங்கே சொதப்புவது சாளர அளவில், அதாவது ஒரு முறைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிடுவது என்பதில். மென்பொருள் தானாகக் கொடுக்கும் அளவு பெரியதாக இருந்தால் அசைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளி மூடிக்கொள்ளும். கணக்கு எளிது: 48,000 மாதிரிகள் ஒரு நொடி என்றால், 2048 மாதிரிச் சாளரம் கிட்டத்தட்ட 43 மில்லிநொடியை ஒன்றாகக் குழைத்துக் காட்டும். 512 என்று வைத்தால் 11 மில்லிநொடிதான். மொத்த அழைப்பே நொடியில் ஒரு சிறு பகுதி என்னும்போது 43 மில்லிநொடி மிகப் பெரிது. இரண்டசையா மூன்றசையா என்ற நம் கேள்வியே அதில் கரைந்துபோகும். 512 வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் துல்லியம் 94 ஹெர்ட்ஸாகக் குறையும். இந்தக் குருவிக்கு அது பெரிய இழப்பல்ல.

இப்போது ஒவ்வொரு அழைப்பாக நெருங்கிப் பார்க்க வேண்டும். தடம் இரண்டு துண்டாக உடைகிறதா, மூன்று துண்டாகவா? ஒவ்வொன்றும் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா? பத்து அழைப்புக்கும் ஒரு வரி வீதம் குறிப்பேட்டில் எழுதிவிட்டால், கண்ணுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஆசை தானாக அடங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது: எதிரொலி. மூன்றாம் அசை என்று நினைப்பது பல நேரம் எதிரே உள்ள சுவரிலோ பாறையிலோ பட்டுத் திரும்பிய இரண்டாம் அசைதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பறவையும் நாமும் பக்கத்தில் இருக்க, 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், போய்த் திரும்பும் 34 மீட்டருக்கு 0.1 நொடி. அசைகள் வரும் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் காது ஏமாந்துவிடும். ஸ்பெக்ட்ரோகிராம் ஏமாறாது. எதிரொலி என்றால் முன்னால் வந்த தடத்தின் அதே வடிவம், அதே உயரத்தில், மங்கலாக, ஓரங்கள் கரைந்து மறுபடி வரும். உண்மையான மூன்றாம் அசைக்குத் தனக்கென ஒரு வளைவு இருக்கும். அணைக்கட்டு, கோயில் மதில், பாறைக் குன்று இவற்றின் அருகே பதிந்த எல்லாக் கோப்புகளையும் இந்தச் சந்தேகத்தோடுதான் திறக்க வேண்டும்.

இன்னொரு பொறி, பக்கத்து எல்லைக்காரன். இவன் "ட்ஸி-லி" என்று முடிக்கும் இடத்தில் அவன் தொடங்கினால் மூன்று நான்கு அசைபோலத் தெரியும். தடங்களின் அடர்த்தியை ஒப்பிட்டால் பிரிந்துவிடும்: தூரத்துப் பறவையின் தடம் வெளிறியிருக்கும்.

கைபேசிச் செயலிகள் கேட்டவுடன் பெயர் சொல்கின்றன. மெர்லின் சொல்லும் பெயரைப் பரிந்துரை என்று எடுத்துக்கொண்டு, அதே கோப்பை நாமே திறந்து பார்க்க வேண்டும். ஒலிப்பதிவு இல்லாமல், "மெர்லின் சொன்னது" என்று மட்டும் எழுதிய கிரீன் வார்ப்ளர் பதிவை மறுபரிசீலனை செய்ய வழியே இல்லை. பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றுமிருக்காது.

நிறம், கடைசியாக

கிரீன் வார்ப்ளரின் முதுகு கிரீனிஷைவிடத் தெளிந்த பச்சை. புருவக்கோடு, கன்னம், தொண்டை மூன்றிலும் மஞ்சள் ஏறியிருக்கும். இறக்கைப் பட்டை சற்று அகலம், அதிலும் மஞ்சள் சாயல். கிரீனிஷ் சாம்பல் கலந்த பச்சை. கீழ்ப்பக்கம் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே. புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். மரத்தில் அப்படி இருக்காது. காரணம் இரண்டு.

முதல் காரணம் இலை. காலை வெயில் வேப்பிலையை ஊடுருவி வரும்போது பச்சை மஞ்சளாக வடிகட்டி வருகிறது. அந்த ஒளியில் வெள்ளை வயிறு மஞ்சள் வயிறாகத் தெரியும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அதைத் தன்பாட்டில் திருத்தப் போய் இன்னும் குழப்பும். எனவே வெண்சமநிலையைப் பகல் வெயில் என்று நிலையாக வைத்து, கேமரா திருத்தாத ரா கோப்பாக எடுக்க வேண்டும். படத்தில் பக்கத்திலுள்ள பட்டுப்போன கிளை, சாம்பல் மரப்பட்டை இவற்றைப் பாருங்கள். அவையும் பச்சையடித்திருந்தால் பறவையின் மஞ்சளை நம்பக் கூடாது. பறவை ஒரு கணம் மரத்தின் வெளி விளிம்பில், திறந்த வானத்தின் வெளிச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுத்த ஒரு படம், உள்ளே எடுத்த நூறு படத்துக்குச் சமம். நன்றாக மேகம் மூடிய நாள் இன்னும் உத்தமம்.

வானத்தைப் பின்னணியாக வைத்துக் கீழேயிருந்து எடுத்தால் பறவை கருநிழலாகிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்ட வேண்டியிருக்கும். அதுவே மிகுந்துபோனால் மெல்லிய இறக்கைப் பட்டை சுற்றியுள்ள நிறத்தோடு வெளிறிக் காணாமல் போய்விடும். ஷட்டர் 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும்; இந்தக் குருவி ஓரிடத்தில் இரண்டு நொடி இருப்பதே அதிகம்.

இரண்டாவது காரணம் தேய்மானம். இறக்கைப் பட்டை என்பது தனிக் கோடு அல்ல; பறக்கும் இறகுகளின் அடியை மூடியிருக்கும் பெரிய மூடிறகுகளின் வெளிறிய நுனிகள் வரிசையாகச் சேர்ந்து கோடாகத் தெரிகின்றன. வெளிறிய நுனியில் கருநிறமி இல்லை. கருநிறமி இறகுக்குக் கூடுதல் உறுதி கொடுப்பது. அது இல்லாத நுனி இலையில் உரசி உரசிச் சீக்கிரம் தேயும். அக்டோபரில் தெளிவாக இருந்த கோடு ஜனவரியில் அரைக்கோடாகி, சில பறவைகளில் இல்லாமலே போகும். மஞ்சளும் அப்படித்தான்; வெயிலிலும் தேய்விலும் மங்கும். ஆகவே நடுக்குளிர்காலத்தில் மஞ்சள் இல்லாததை வைத்துக் கிரீனிஷ் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வலசை கிளம்புமுன், பருவத்தின் பிற்பகுதியில், இறகுகள் புதிதாகும். அதன் பிறகு எடுக்கும் படங்களே நிறத்துக்குச் சாட்சி.

மூடிறகில் மேலே இன்னொரு சின்ன வரிசை வெளிறி, இரண்டாம் பட்டையின் சுவடு தெரிவதும் உண்டு. புதிய இறகில் கிரீனுக்கு அது வரும், கிரீனிஷுக்கும் எப்போதாவது வரும். அதைக் கண்டு பெயரை மாற்ற வேண்டாம். குறிப்பில் எழுதிவைத்தால் போதும்.

எந்தக் கட்டத்தில் வைப்பது

வகைப்பாடு தெரிந்தால்தான் ஏன் இந்த இரண்டு குருவிகள் இவ்வளவு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கின்றன என்பது புரியும். இங்கிலாந்தின் செல்போர்னில் கில்பர்ட் ஒயிட் 1768இல் ஒன்றென நினைத்திருந்த இலைக் கதிர்க்குருவியை மூன்று இனமாகப் பிரித்தார். அவருக்கு வழிகாட்டியது அவற்றின் பாட்டு. 250 ஆண்டு கடந்தும் இந்தக் கூட்டத்துக்கு அதுவே முதல் சாவி.

ஃபைலோஸ்கோபஸ் என்ற பேரினப் பெயரை 1826இல் பிரீட்ரிக் போயி வைத்தார்; கிரேக்கத்தில் இலையைத் தேடுவது என்று பொருள். டிரோகிலாய்டஸ் என்று பெயரிட்டது 1837இல் சுண்டேவால். நிட்டிடஸ் 1843இல் எட்வர்ட் பிளித் கொடுத்தது. பேரலகுக்கும் அதே ஆண்டில் அவரே பெயரிட்டார். பழைய கையேடுகளில் கதிர்க்குருவிகள் எல்லாம் சில்விடே என்ற ஒரே பெருங்குடும்பத்தில் கிடக்கும். மரபணு ஆய்வுகள் அந்தக் குடும்பத்தைக் கலைத்துவிட்டன. 2006க்குப் பின் இலைக் கதிர்க்குருவிகளுக்கு ஃபைலோஸ்கோபிடே என்று தனிக் குடும்பம். நாணல் கதிர்க்குருவி வேறு குடும்பம். பழைய குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்றும்போது குடும்பப் பெயரை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

கிரீனிஷின் கதைதான் இதில் அபூர்வமானது. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி மாலைபோல அதன் உள்ளினங்கள் வாழ்கின்றன. இமயத்தில் டிரோகிலாய்டஸ், மேற்கே லட்லோவி, அதற்கு வடக்கே விரிடானஸ், கிழக்கே ஆப்ஸ்கூராட்டஸ், அதற்கு வடக்கே பிளம்பெய்டார்சஸ். பக்கத்துப் பக்கத்து உள்ளினங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகின்றன. வடக்கே போகப்போகப் பாட்டு நீண்டு சிக்கலாகிறது, ஆனால் மேற்கு வழியில் ஒரு விதமாக, கிழக்கு வழியில் வேறு விதமாக. மத்திய சைபீரியாவில் இரு முனைகளும் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றொன்றுக்குப் புரிவதில்லை. இரண்டு தனி இனங்கள்போல நடந்துகொள்கின்றன. 1938இல் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் கண்ட இந்த வளைய அமைப்பை, டேரன் இர்வினும் உடன் ஆய்வாளர்களும் பாட்டையும் மரபணுவையும் வைத்து 2001இல் விளக்கினார்கள். 2014இல் முழு மரபணுத் தொகுதியைப் பார்த்தபோது வளையம் முழுக்க ஒரே சீராக இல்லை, இடையில் பழைய பிரிவுகள் நேர்ந்த தடயங்கள் உண்டு என்று தெரிந்தது. பிளம்பெய்டார்சஸைச் சில பட்டியல்கள் தனி இனமாகவும் சில உள்ளினமாகவும் வைப்பது இதனால்தான்.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் கைக்குறிப்பு: தமிழ்நாட்டு மரத்தில் பார்க்கும் கிரீனிஷ் பெரும்பாலும் விரிடானஸ். ஆனால் பெரும்பாலும் என்பதை வைத்து உள்ளினம் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்து உள்ளினம் சொல்லும் அளவுக்கு வேறுபாடு தெளிவாக இல்லை. உள்ளினக் கட்டத்தைக் காலியாக விடுவதே சரியான பதிவு. கையில் பிடித்து இறக்கை அளந்தால் கூடுதலாகச் சொல்லலாம்தான். அதற்கு வனத்துறை அனுமதியும் பயிற்சியும் வேண்டும். பறவை பிடிப்பது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

பதிவேற்றும்போது

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் கிரீனிஷ் தனி, கிரீன் தனி, இரண்டில் ஒன்று என்று சாய்கோட்டோடு ஒரு பெயர், அதற்கும் கீழே "ஃபைலோஸ்கோபஸ் இனம்" என்று ஒரு பெயர். இந்த நான்கும் நான்கு படிகள். குரல் பத்து அழைப்பாவது பதிவாகி, அசை எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாய்ந்து, உச்சியில் வகிடு இல்லை என்றும் பார்த்திருந்தால் முதல் இரண்டில் ஒன்று. பறவையைப் பார்த்தோம், ஒற்றைப் பட்டை, வெளிர்ந்த கீழலகு, ஆனால் அது கத்தவில்லை என்றால் சாய்கோட்டுப் பெயர். தாவிய இலைக் கதிர்க்குருவி, அவ்வளவுதான் என்றால் கடைசிப் பெயர். "இங்கே எல்லாம் கிரீனிஷ்தானே" என்று வழக்கத்தை வைத்து மேல்படியில் எழுதுவதுதான் கிரீன் வார்ப்ளரின் உண்மையான பரவலை நம் தரவிலிருந்து மறைப்பது. சாய்கோட்டுப் பெயர் எழுதுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை; அது முழுமையான தரவு.

ஒலிக் கோப்பின் இருபுறமும் மூன்று நொடி விட்டு வெட்டி, உச்சத்தை −3 டெசிபலுக்கு உயர்த்தி, வேவ் வடிவிலேயே ஏற்ற வேண்டும். எம்பி3 ஆக்கினால் அசைகளின் ஓரங்கள் மழுங்கும். நம் குரல் அறிவிப்பை வெட்டிவிடலாம், ஆனால் அதிலிருந்த தகவல் குறிப்புப் பெட்டியில் இருக்க வேண்டும். குறிப்பு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"மருத மர விதானம், 12 மீட்டர் உயரம், ஒன்று. 14 அழைப்பு பதிவு: 12 மூன்றசை, 2 இரண்டசை, எதிரொலிக்கும் பரப்பு அருகில் இல்லை. உச்சிக்கோடு இல்லை, கண் மட்டத்தில் பார்த்தது. கீழலகு முழுக்க வெளிர். பட்டை ஒன்று, இடப்பக்கம் தேய்ந்தது. தொண்டையில் மஞ்சள், மேகமூட்டத்தில், இலைநிழல் இல்லாமல்."

"மஞ்சளாக இருந்தது, கிரீன்" என்று எழுதுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே உள்ளதில் ஒவ்வொரு சொல்லையும் வேறொருவர் திறந்து சரிபார்க்க முடியும்.

அக்டோபரில் பதிந்த மரத்துக்கு ஜனவரியில் ஒருமுறை, மார்ச் கடைசியில் ஒருமுறை திரும்பப் போங்கள். மூன்று கோப்பையும் அதே 512 சாளரத்தில், அதே 0–10 கிலோஹெர்ட்ஸ் அச்சில், ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நிறம் மாறியிருக்கும், பட்டை தேய்ந்து மறுபடி முளைத்திருக்கும். அழைப்பின் தடம் மூன்றிலும் அதே வடிவத்தில் இருந்தால், அக்டோபரில் சாய்கோட்டில் விட்டிருந்த பதிவை ஏப்ரலில் பறவை கிளம்புமுன் ஒரு படி மேலே ஏற்றலாம்.